உடல் சுத்தத்துக்கு நான் போட்ட கையெழுத்து

தொழிற்சாலை முதலுதவி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலருக்கு ஆஸ்பத்திரி அனுபவம் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் தனக்கு நோய் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு வருகிறார். தொழிற்சாலையில் அப்படி யாரும் வருவதில்லை. விரலுக்குக் கட்டுப் போட வருவார்கள். தலைவலி மாத்திரை கேட்பார்கள். ஏ.சி. ஓடுகிறது என்று பத்து நிமிஷம் உட்கார வருவார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் நீங்கள் அவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம், தகட்டை அழுத்தி வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தேன். ஓய்வு பெற்று இப்போது ஆவடியில் வீட்டில் இருக்கிறேன். புதியவர்களுக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, நன்றாகச் செய்த காரியம் ஒன்றை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அவற்றில் உங்களுக்குப் பயன்படுவது அதிகம் இல்லை. ரத்தம் கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே, உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் எச்.ஆர். அலுவலர் பிரவீனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. நல்ல பையன் என்று நான் சொன்னால் நீங்கள் சந்தேகப்படுவீர்கள், ஆனால் அவர் நல்ல பையன்தான். திருவேற்காட்டில் ஒரு பயிற்சி மையத்தில் மூன்று நாள் 'உடல் சுத்தம்' செய்துவிட்டு வந்திருந்தார். நான்கு கிலோ குறைந்திருந்தது. முகம் பளிச்சென்று இருந்தது. வயிறு லேசாக இருக்கிறது, காலையில் அலாரம் இல்லாமல் எழுந்துவிடுகிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். தனக்குக் கிடைத்தது நானூறு தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை.

திட்டம் எளிது. மூன்று நாள் திட உணவு கிடையாது. காலையில் ஆப்பிள் வினிகரும் எலுமிச்சையும் கலந்த வெந்நீரில் ஒரு ஸ்பூன் பொடி. பதினொரு மணிக்குப் பூசணிச் சாறு. மதியம் வாழைத்தண்டுச் சாறு. சாயங்காலம் மோர். பொடியில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் நிலாவரை இருந்தது. நிலாவரை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் பிரஸ் ஷாப்பில் ஆண்களுக்குக் கழிவறை மூன்று.

திங்கட்கிழமை காலை பிரவீன் என் அறைக்கு வந்தார்.

"சிஸ்டர், மேனேஜ்மென்ட்ல ஓகே சொல்லிட்டாங்க. மெடிக்கல் சைடுல ஒரு நோட் கேக்கறாங்க. நன்மை என்ன, ரிஸ்க் என்ன, அரைப் பக்கம் போதும்."

"டாக்டர் வெள்ளிக்கிழமை வருவாரு. அவர்கிட்ட கேளுங்களேன்."

"அவரு வேணாம்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாரு சிஸ்டர். நீங்கன்னா ரெண்டு பக்கமும் பாத்து பேலன்ஸா எழுதுவீங்க."

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் எழுதினேன்.

அந்தக் குறிப்பு எனக்கு இன்னும் மனப்பாடம். மூன்று நாள் திட உணவு கிடையாது என்ற திட்டத்தை மேலே எழுதினேன். நன்மைகள் என்ற தலைப்பில், எண்ணெய்ப் பண்டம், இனிப்பு, டீ ஆகியவற்றைச் சில நாள் தவிர்ப்பது நல்லது, செரிமானத்துக்கு ஓய்வு கிடைக்கும், உணவைப் பற்றிய கவனம் கூடும் என்று எழுதினேன். அபாயங்கள் என்ற தலைப்பில், நீரிழப்பு, சோர்வு, தலைசுற்றல் ஏற்படலாம் என்று எழுதினேன். கடைசி வரி: 'நாள்பட்ட நோய் உள்ளவர்கள் மருத்துவ ஆலோசனை பெற்ற பின் பங்கேற்கவும்.' கீழே என் கையெழுத்து, முத்திரை, தேதி.

நான் மனதில் நினைத்தது வேறு. உடம்பில் அழுக்கு நீக்குவதற்குக் கல்லீரலும் சிறுநீரகமும் பிறந்த நாளிலிருந்து லீவு போடாமல் வேலை செய்கின்றன, பொடி போட்டு அவற்றுக்கு உதவத் தேவையில்லை என்று நினைத்தேன். நாற்பது டிகிரி வெயிலில், மெஷின் சூட்டில் நிற்கிற ஆளுக்குப் பேதி மருந்து கொடுத்து வேலை வாங்குவது சரியில்லை என்று நினைத்தேன். மூன்று நாள் வடை தின்னாமல் இருந்தாலே உடம்பு லேசாகிவிடும் என்றும் நினைத்தேன். இதில் எதையும் எழுதவில்லை. அப்படி எழுதினால் பேலன்ஸ் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தாள் நோட்டீஸ் பலகையில் ஏறியது. பிரவீன் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. புதன்கிழமை திட்டம் தொடங்கியது. கட்டாயம் இல்லை என்றுதான் சொன்னார்கள், ஆனால் அந்த மூன்று நாளும் கேன்டீனில் பொரித்தது எதுவும் போடவில்லை, சேராதவனைப் பார்த்து மற்றவர்கள் தொப்பையைத் தட்டினார்கள். பாதிக்கு மேல் சேர்ந்தார்கள். முதல் நாள் பெரிய விஷயம் ஒன்றும் நடக்கவில்லை. கழிவறை வாசலில் வரிசை நின்றது. இரண்டு பேர் தலைசுற்றுகிறது என்று வந்தார்கள். உப்புக் கரைசல் கொடுத்துப் படுக்க வைத்தேன். ஒரு ஆள் மாவா புகையிலை போடுவதை அன்று விட்டார், நான் ஓய்வு பெறும்வரை மறுபடி போடவில்லை. திட்டத்தால் யாருக்கும் நன்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் காதர் பாயை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

காதர் பாய் பூந்தமல்லிக்காரர். ஐம்பத்தோரு வயது. பிரஸ்ஸில் அச்சு மாற்றிப் பொருத்துகிற வேலை. பேச்சில் மரியாதை குறையாத மனிதர். என்னை இருபது வருஷமாக 'சிஸ்டர், நீங்கோ' என்றுதான் கூப்பிடுவார். அன்று செக்யூரிட்டி ஆட்கள் இரண்டு பேர் இரண்டு கையையும் பிடித்திருந்தார்கள். சட்டை வெளியே தொங்கியது. கால் நேராக நிற்கவில்லை. பின்னால் ஷிஃப்ட் சூப்பர்வைசர் சேகர், கையில் ஒரு படிவத்தோடு.

"சிஸ்டர், பாய் காலையிலயே ஏத்திகினு வந்துட்டாரு," என்றார் சேகர். "அச்சுக்குள்ள கைய வெச்சிகினே மெஷின ஓட்டுன்னு கத்தறாரு. எதிர்ல நின்ன பொண்ணு ஓட்டல, அதனால கை பொழச்சிது. ஏன்யான்னு கேட்டா என்ன அம்மா அக்கான்னு திட்றாரு. ஊதச் சொன்னா வாய தொறக்க மாட்டேன்றாரு. வாசனை கீதுன்னு ஒரு லைன் எழுதி கையெழுத்து போடுங்க, கேட்டாண்ட அனுப்பிட்றேன்."

குடித்துவிட்டு மெஷின் பக்கம் வந்தால் அன்றே சஸ்பெண்ட். அதற்கு நர்ஸ் கையெழுத்து வேண்டும். அது விதி. சேகர் விதியை மீறி எதுவும் கேட்கவில்லை.

நான் பக்கத்தில் போய் முகர்ந்தேன். புளித்த வாசனை வந்தது. கண் சிவந்திருந்தது. பேச்சு குழறியது. நான் காலையில் குடித்துவிட்டு வந்தவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இவரும் அப்படித்தான் இருந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன், நான் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டேன்.

"பாய், உக்காருங்க," என்று தோளில் கை வைத்தேன்.

"போடி," என்றார் காதர் பாய். "கைய வுடுறி. உன் வேலைய பாத்துகினு போ."

சேகர் என்னைப் பார்த்தார். பார்த்தீர்களா என்று கேட்கிற பார்வை. எனக்குக் கோபம் வந்தது. முகம் சூடானது. ஆனால் என் கை இன்னும் அவர் தோளில் இருந்தது, அந்தத் தோள் ஐஸ் மாதிரி இருந்தது. சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும் போல நனைந்திருந்தது. குடித்தவன் உடம்பு பெரும்பாலும் சூடாக இருக்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன்.

முப்பத்தெட்டு.

"சேகர், அந்த பேப்பர கீழ வெச்சிட்டு பாய் கால பிடிங்க," என்றேன்.

"என்ன சிஸ்டர்?"

"குடிக்கல. சுகர் எறங்கிடுச்சு. பிடிங்க."

குளுக்கோஸ் கரைத்து வாயருகே கொண்டு போனேன். காதர் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டம்ளரைத் தட்டிவிட்டார். அப்போது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

"மூணு நாளு ஒண்ணியும் துன்னக் கூடாது. பேப்பர்ல போட்டுகீது."

தான் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. என் தாளில் என்ன போட்டிருந்தது என்பது மட்டும் தெரிந்தது. அப்படிச் சொல்லிக்கொண்டே கண் மேலே போனது, தலை சாய்ந்தது. இனி வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

டாக்டருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டு நரம்பு தேடினேன். வியர்வையில் கை வழுக்கியது. சட்டைக் கை மேலே ஏறவில்லை, கத்தரியால் கிழித்தேன். முதல் ஊசி தப்பியது. போனில் டாக்டர், "அவசரப்படாதீங்க, அடுத்த கையில பாருங்க," என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு அமைதியாக இருந்தார். அந்த அமைதிக்கு நான் இன்றும் நன்றியாக இருக்கிறேன். இரண்டாவது ஊசி ஏறியது. டெக்ஸ்ட்ரோஸ் உள்ளே போகப் போக நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிஷம் ஆனது. காலைப் பிடித்த சேகர் பிடித்தது பிடித்தபடி குனிந்தே நின்றார்.

காதர் பாய் கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"இன்னா சிஸ்டர், சட்டைய கிழ்ச்சிட்டீங்கோ," என்றார். "பெருநாளைக்கு எட்த்தது."

அறையில் இருந்த எல்லோருக்கும் உயிர் வந்தது. இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆள் எழுந்து உட்கார்ந்ததும் எல்லோரும் விஷயம் முடிந்தது என்று நினைப்பார்கள். பிரவீன் அதற்குள் ஓடி வந்திருந்தார். முகத்தில் இருந்த பளபளப்பு போயிருந்தது.

"இப்ப நல்லாதான இருக்காரு சிஸ்டர்," என்றார். "ஒரு மணி நேரம் இங்கயே படுக்க வெச்சு, அப்புறம் கார்ல வீட்ல விட்டுடலாமே. ஆஸ்பத்திரின்னா பெரிய ரிப்போர்ட் ஆயிடும்."

"அவர் காலையில போட்ட சுகர் மாத்திரை சாயங்காலம் வரைக்கும் வேலை செய்யும் பிரவீன். நான் ஏத்தின சக்கரை அது வரைக்கும் தாங்காது. வீட்டுக்கு அனுப்பினா வீட்ல விழுவாரு."

"வேற வழி இல்லையா?"

"இல்ல. ஆம்புலன்ஸ வரச் சொல்லுங்க. நானும் போறேன்."

நான் அவ்வளவு கறாராக யாரிடமும் பேசியதில்லை. மூன்று நாள் முன்னால் அதில் பாதி கறாராகப் பேசியிருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி பாடி தாண்டி இருந்தது. மேம்பாலத்துக்குக் கீழே ஒரு லாரி நின்றுபோனதால் எல்லா வண்டியும் நின்றன. சைரனுக்கு யாரும் வழிவிட முடியாத நிலை. காதர் பாய் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். காலையில் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. நான் கேட்டேன்.

"ஏன் பாய், நோன்பு மாசம் வந்தா வருஷா வருஷம் எங்கிட்ட வந்து மாத்திரைய எப்ப போடணும்னு கேட்டுட்டுதான் நோன்பு வெப்பீங்க. இதுக்கு மட்டும் ஏன் கேக்கல?"

"அது நானா வெக்கறது சிஸ்டர். அதனால கேப்பேன். இது கம்பெனி வெச்சது. கீழ உங்க கையெழுத்து வேற கீது. கையெழுத்து போட்டவங்களாண்ட போய் திருப்பி இன்னா கேக்கறது?"

"நாள்பட்ட நோய் இருக்கறவங்க கேட்டுக்கணும்னு எழுதியிருந்தேனே."

அவர் உண்மையாகவே யோசித்தார்.

"எனக்கு இன்னா நோய்?" என்றார். "சுகர் தானே கீது."

அவரே தொடர்ந்தார்.

"மாத்திரைய மட்டும் ஒரு நாளும் வுடக் கூடாதுன்னு நீங்கோதான சொன்னீங்கோ. காலீல கரெக்டா போட்டுகினேன். அப்பாலதான் அந்த புளிச்ச தண்ணிய குட்ச்சேன்."

மாத்திரையை விடக் கூடாது என்று சொன்னது நான். பட்டினிக்குக் கையெழுத்துப் போட்டது நான். இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் ஸ்ட்ரெச்சரில் இருந்தார். வண்டி நகர ஆரம்பித்தபோது அவர் மகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் வார்த்தை இழுத்தது. திரும்பக் குத்திப் பார்த்தேன், ஐம்பத்தொன்று. டிரிப்பை வேகமாக்கினேன். வீட்டில் விட்டிருந்தால் அந்த நேரத்தில் அவர் மதியத் தூக்கத்தில் இருந்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு மணி நேரத்தில் அவர் மனைவி வந்து சேர்ந்தார். பூந்தமல்லியிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தார். மூச்சு வாங்கியது. நான் யார் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி இது.

"குட்ச்சாருன்னு சொல்றாங்களே சிஸ்டர், நெஜமா?"

"இல்லம்மா. சுகர் எறங்கிடுச்சு. அதுல அப்டி ஆயிடும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த அம்மா அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டார், உயிருக்கு ஒன்றும் ஆகாதே என்று.

செய்தி எங்களுக்கு முன்னால் பூந்தமல்லி போய்விட்டிருந்தது. அவர்கள் தெருவிலிருந்து நாலு பேர் எங்கள் கம்பெனியில் வேலை செய்தார்கள். யாரோ ஒருவர் போன் போட்டிருக்கிறார். சாயங்காலம் நினைவு நன்றாகத் தெளிந்ததும் மனைவி அதைக் காதர் பாயிடம் சொன்னார். நான் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"சிஸ்டர், எனக்கு லீவு வேணாம், ஒண்ணும் வேணாம். எத்தினி பேர் எதிர்ல குட்ச்சான்னு சொன்னாங்களோ, அத்தினி பேர் எதிர்ல இல்லன்னு சொல்லணும். நோட்டீஸ் ஒட்டாதீங்கோ. வாயால சொல்லணும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. டாக்டர் வந்தார். நோட்டீஸ் பலகையிலிருந்து என் தாளை எடுத்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்துப் படித்தார். என்னைவிடப் பத்து வயது சிறியவர். திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"இதுல தப்பா ஒரு வரிகூட இல்ல சிஸ்டர்," என்றார். "இத படிச்சிருந்தா நானே குடிச்சிருப்பேன்."

நான் அலமாரியைத் திறந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் பதிவேட்டை எடுத்தேன். நாற்பத்தேழு பேர். பெயர், பிரிவு, மாத்திரை, எல்லாம் என் கையெழுத்தில். திங்கட்கிழமை அந்தப் பதிவேடு என் முதுகுக்குப் பின்னால் ஒரு அடி தூரத்தில் இருந்தது. நான் 'நாள்பட்ட நோய் உள்ளவர்கள்' என்று எழுதியபோது என் மனதில் ஒரு முகமும் வரவில்லை. அந்த நாற்பத்தேழு பேரையும் அன்று நேரில் போய்ப் பார்த்தேன். பத்தொன்பது பேர் திட்டத்தில் இருந்தார்கள், உடனே நிறுத்தச் சொன்னேன். அதில் பதினாறு பேர் தங்களுக்கு நோய் என்று ஒன்றும் இல்லை என்றார்கள்.

உங்களிடமும் ஒருநாள் யாராவது சாதக பாதகம் எழுதிக் கேட்பார்கள். உடல் சுத்தம் என்று வரும், விரதம் என்று வரும், ஏதாவது பானம் என்று வரும். கேட்கிறவர் கெட்டவராக இருக்கமாட்டார். எழுதுங்கள். ஆனால் யார் செய்யக் கூடாது என்பதை முதல் வரியில் எழுதுங்கள், அவர்கள் தங்களை எந்தப் பெயரால் அழைத்துக்கொள்கிறார்களோ அந்தப் பெயரால் எழுதுங்கள். சுகர் மாத்திரை போடுகிறவர், பி.பி. மாத்திரை போடுகிறவர், கிட்னியில் கோளாறு என்று சொல்லப்பட்டவர், முழுகாமல் இருக்கிறவர். பிறகு உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள். வேண்டாம் என்று நினைத்தால் வேண்டாம் என்று எழுதுங்கள். பேலன்ஸாக எழுதுகிறீர்கள் என்று யாராவது பாராட்டினால் அந்தத் தாளை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை காதர் பாய் வேலைக்கு வந்தார். மதியம் ஷிஃப்ட் மாறும்போது இரண்டு ஷிஃப்ட் ஆட்களையும் பிரஸ் ஷாப்பில் நிற்கச் சொன்னார் பிரவீன். முன்னதாக என்னிடம், "நான் பேசிக்கறேன் சிஸ்டர், உங்க பேரு வேணாம்," என்றார். அதை அவர் என்மேல் இருந்த மரியாதையில் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மெஷின் சத்தம் நின்ற இடத்தில் பேசுவது கஷ்டம். குரல் அதிகமாகக் கேட்கும். நான் சொன்னேன்.

"வியாழக்கிழமை காதர் பாய் குடிச்சிட்டு வரல. அவர் வாழ்க்கையில குடிச்சதில்ல. சுகர் மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம இருந்ததால சுகர் முப்பத்தெட்டுக்கு போயிடுச்சு. அப்டி போனா பேச்சு குழறும், கோவம் வரும், ஆள் அடையாளம் தெரியாது. வாசனை வந்தது கம்பெனி குடுத்த வினிகர். சாப்பிடாம இருக்கலாம்னு பேப்பர் எழுதி கையெழுத்து போட்டது நான். அது என் தப்பு."

பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார்.

"அப்ப மூணு நாளு நாங்க குடிச்சது சிஸ்டர்?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டு கிலோ போயிருக்கும். அது தண்ணி. ஞாயித்துக்கிழமை பிரியாணி சாப்ட்டிருந்தா இந்நேரம் வந்திருக்கும்."

"வந்துடுச்சு சிஸ்டர்," என்றார் அவர்.

பிறகு சேகர் முன்னால் வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பாய் குட்ச்சிட்டார்னு சொன்னது நான்தான்," என்றார். "இல்ல. நான் சொன்னது தப்பு."

எல்லோரும் காதர் பாயைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார். பிறகு மெஷினைக் காட்டிக் கேட்டார்.

"அந்த அச்ச யாரு மாட்டினது? எடது பக்கம் சாஞ்சிகினு கீது."

கூட்டம் கலைந்தது.

அந்த வாரம் என் அறைக்கு முன்னால் வரிசை நின்றது. பதிவேட்டில் இல்லாதவர்கள் வந்தார்கள். வெளியில் எங்கோ மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, எழுதிவிட்டால் வேலையை மாற்றிவிடுவார்கள் என்று மறைத்தவர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அறையைப் பூட்டப் போகும்போது சேகர் வந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். விரலை நீட்டினார்.

குத்திப் பார்த்தேன். இருநூற்றுப் பதினெட்டு.

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷமா. யாராண்டயும் சொல்லல."

"நீங்களும் அந்த தண்ணிய குடிச்சீங்களா?"

"மொத நாளு குடிச்சேன். ரெண்டாம் நாளு காலையில கை நடுங்கிச்சு சிஸ்டர். வேர்த்து கொட்டிச்சு. பயந்துட்டேன். கேன்டீன் பின்பக்கமா போய் நாலு இட்லி வாங்கி நின்னுகினே சாப்ட்டேன். சரியாயிடுச்சு."

"ரெண்டாம் நாள்னா வியாழக்கிழமை."

"ஆமா. அரை மணி நேரம் கழிச்சிதான் பாய் கத்துனாரு."

அவர் விரலில் வைத்த பஞ்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் மாத்திரையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். கிளம்பும்போது கதவில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இத பாயாண்ட சொல்லணுமா சிஸ்டர்?"

"அது மெடிக்கல் விஷயம் இல்ல," என்றேன்.

பத்து நாள் இருக்கும். காலை டிபன் நேரத்தில் கேன்டீனுக்குப் போனேன். காதர் பாயும் சேகரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சேகர் தட்டில் நாலு இட்லி இருந்தது. காதர் பாய் அதைப் பார்த்தார். தன் தட்டிலிருந்து ஒரு இட்லியை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

"இங்கியே உக்காந்து துன்னுங்கோ," என்றார். "பின்பக்கம்லாம் போவாதீங்கோ."